பாதியில் நின்ற மாத்திரைகள்

நாய் வைத்தியத்தில் நோயாளி வாயைத் திறந்தால் கடிக்கத்தான். பேச்செல்லாம் கூட வந்தவர்களுடையது.

தூத்துக்குடியில், துறைமுகச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் பதினாறு வருஷமாக நாய்களுக்கு மருத்துவம் பார்க்கிறேன். முதல் நாளிலிருந்து என்னோடு இருப்பவர் கம்பவுண்டர் ஸ்டெல்லா அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். எவ்வளவு பெரிய நாயாக இருந்தாலும், "ஏலே, சும்மா இரி" என்று ஒரே அதட்டலில் உட்கார வைத்துவிடுவார். நாய்க்குச் சொன்னதைக் கேட்டு, கூட வந்தவரும் உட்கார்ந்துவிடுவது உண்டு.

நாயோடு வருகிறவர்களோடு எங்கள் இருவருக்கும் ஓயாத சண்டை ஒன்று இருக்கிறது. ஆன்டிபயாடிக் சண்டை. பாக்டீரியாக் கிருமியைக் கொல்லும் அந்த மருந்தைச் சீட்டில் எழுத ஒரு நிமிஷம் போதும். அது தேவையான நாய்க்கு, சரியான அளவில், கடைசி நாள் வரை உள்ளே போக வேண்டும் என்பதற்குத்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. மாத்திரையை இட்லிக்குள் ஒளித்துக் கொடுத்து, இட்லி காலியாகி மாத்திரை மட்டும் தரையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். மேலே படியுங்கள்.

கிரேன் ஓட்டுகிறவரின் கை

செல்வம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவருடைய ராட்வைலர் புரூனோவைத் தெருநாய்கள் கடித்து, தொடையில் சீழ் பிடித்திருந்தது. சீழை வெளியேற்றிக் கழுவி, பத்து நாளைக்கு மாத்திரை எழுதினேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நாலாம் நாள் புண்ணைப் பிரித்துப் பார்த்தால் வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. மாத்திரை ஒழுங்காகப் போனதா என்று கேட்டேன். "அதெல்லாம் மக்ரூனுக்குள்ள வச்சுக் குடுத்திட்டேன்" என்றார். வீட்டுக்குப் போய் சோபாவுக்கு அடியில் பாருங்கள் என்றேன். சாயங்காலம் கையில் ஆறு மாத்திரையோடு வந்தார். ஆறிலும் மக்ரூனின் முந்திரித் துகள் ஒட்டியிருந்தது.

மேஜையில் புரூனோவை நிறுத்தி நானே செய்து காட்டினேன். மேல் தாடையைக் கோரைப் பல்லுக்குப் பின்னால் பிடித்துத் தலையை நிமிர்த்த வேண்டும். மாத்திரையை நாக்கின் அடிவாரத்தில், எட்டும் மட்டும் உள்ளே போட வேண்டும். வாயை மூடி, தொண்டையைத் தடவிவிட்டு, பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர். செல்வத்துக்கு மூன்று தடவை தவறியது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நான் விடவில்லை. நாலாவது தடவை புரூனோ முழுங்கிவிட்டு நாக்கால் மூக்கை நக்கியது. செல்வம் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இருபது டன் பெட்டியைச் சொன்ன இடத்துல இம்மி பிசகாம இறக்குதேன் டாக்டரம்மா. இதை மட்டும் இம்புட்டு நாளும் சோபாவுக்கு அடியிலேயே இறக்கிட்டு வந்திருக்கேன்."

எட்டாம் நாள்

முத்தையா அண்ணாச்சி உப்பளத்தில் கங்காணி. அவர் பின்னாலேயே பாத்தி வரப்பில் நடக்கும் செவலை நாய்க்கு வயிறெல்லாம் சீழ்க்கொப்புளம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, கிட்டே நிற்க முடியாத நாற்றம். தோலில் ஆழமாக இறங்கிய கிருமி. குறைந்தது இருபத்தொரு நாள் மாத்திரை, தோல் சுத்தமான பிறகும் ஒரு வாரம் என்று சொல்லி அனுப்பினேன். பத்து நாள் கழித்து வரச் சொன்னதற்கு வரவில்லை. ஒன்றரை மாதம் கழித்து வந்தார். கொப்புளம் வயிற்றைத் தாண்டி முதுகு வரைக்கும் ஏறியிருந்தது. அரிப்பு தாங்காமல் நாய் தன் விலாவைத் தானே கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தது.

எட்டாம் நாளோடு மாத்திரையை நிறுத்திவிட்டாராம். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபப்பட்டு அனுப்பினால் அவர் மறுபடி வரமாட்டார்; நாய்க்கு யார் இருக்கிறார்கள்? தோலிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். நல்லவேளை, பழைய மருந்துக்கே கிருமி இன்னும் கட்டுப்பட்டது. மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பம். திங்கட்கிழமை தோறும் காலி அட்டையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றேன். வராத திங்கட்கிழமை ஸ்டெல்லா அக்கா உப்பளத்துக்கே போன் போட்டார். ஐந்து வாரம் ஆனது. செவலைக்கு இப்போது உடம்பெல்லாம் முடி. முதல் தடவை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டபோது அண்ணாச்சி சொன்ன பதிலைத்தான் ஸ்டெல்லா அக்கா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்:

"எட்டாம் நாளு மாத்திரையைக் கண்டதும் அது எந்திரிச்சு ஓடிட்டு. சரி, அதுக்கே போதும்னு தோணிட்டு போலன்னு நானும் விட்டுட்டேன்."

டீச்சரின் பிஸ்கட் டின்

நாசரேத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், மகள் வீட்டில் இருக்கிறார். நாலு மாத லாப்ரடார் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கூடவே ஒரு பிஸ்கட் டின். திறந்தால் உள்ளே பாதி பாதியாகக் கிழிந்த மாத்திரை அட்டைகள். கணவருக்கு, மகளுக்கு, பேரனுக்கு என்று எப்போதோ வாங்கி மிஞ்சியவை. அதிலிருந்து, கணவரின் சிறுநீர்த்தொற்றுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் ஒன்றை இரண்டாக உடைத்துக் குட்டிக்குக் கொடுத்திருக்கிறார். வளரும் குட்டிகளின் மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கக்கூடிய வகை அது.

மலத்தைச் சோதித்தால் குடலில் கொக்கிப்புழு. ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. அதை நிறுத்தி, புழுவுக்கு மருந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் குட்டி தேறிவிட்டது. ஆனாலும் இரண்டு மாதம் வரை வாரா வாரம் வரச்சொல்லி, நடக்கவிட்டு, ஓடவிட்டு, நாலு காலையும் பார்த்தேன். தப்பித்தது. டின்னை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், ஆஸ்பத்திரிக் கழிவோடு நாங்கள் அனுப்பிக்கொள்கிறோம் என்றேன். டீச்சர் டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேஜையில் வைத்தார்:

"முப்பது வருஷமா 'மீதியை விட்டுராத, கீழ எழுது'ன்னு பிள்ளைங்களை அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்தவ நானு. மீதி வைக்கக்கூடாதுன்னு எனக்கே நீ பாடம் எடுக்கிறே பாரு."

ஊசி போடாத டாக்டர்

கப்பல் சரக்குக்கு ஏஜென்டாக இருப்பவர் ஒருவர் மகளுடைய பொமரேனியனோடு வந்தார். நாய் வறட்டு இருமல் இருமியது. காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது, நெஞ்சில் சத்தம் இல்லை. போன வாரம் நாலைந்து நாய்களோடு ஒரு விடுதியில் விட்டிருந்தார்களாம். அங்கே ஒட்டிக்கொண்ட வைரஸாகத்தான் இருக்க வேண்டும். இதற்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், ஒரு வாரம் பத்து நாளில் தானாக அடங்கும் என்றேன். "ஒரு ஊசியைப் போட்டுவிட்டா முடிஞ்சிரும், எதுக்கு இழுக்கிய?" என்றார். தேவையில்லாமல் போட்டால், நாளைக்குத் தேவைப்படும்போது அந்த மருந்து கேட்காமல் போகலாம் என்று விளக்கினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மூச்சு வாங்கினாலோ, சாப்பாட்டை மறுத்தாலோ, உடம்பு சுட்டாலோ அந்த நிமிஷமே கொண்டுவாருங்கள், அப்போது ஊசியும் போடுவேன் என்று எழுதியே கொடுத்தேன். அவர் எழுந்து போன பிறகு எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. ஊசி போட்டு அனுப்பிவிட்டு ஏதாவது ஆனால் யாரும் டாக்டரைக் கேட்க மாட்டார்கள். போடாமல் ஏதாவது ஆனால் ஊரே கேட்கும். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் நானே போன் செய்தேன். "இருமுது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பதினோராம் நாள் தடுப்பூசி போடுவதற்காக நாயோடு வந்து நின்றார். உட்காரவில்லை:

"இருமல் தன்னால நின்னுட்டு. ஆனா நீங்கதான் நிறுத்துனீங்கன்னு நான் ஒத்துக்கிட மாட்டேன்."

என் வீட்டு நாய்

ஊருக்கெல்லாம் இவ்வளவு சொல்கிற நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் லட்டு என்று ஒரு காக்கர் ஸ்பேனியல். தொங்கு காது, காதில் எப்போதும் ஏதாவது தொல்லை. ஒரு நாள் தலையை உதறிக்கொண்டே இருந்தது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் காதைத் தூக்கி ஒரு பார்வை பார்த்து, பாக்டீரியாத் தொற்று என்று முடிவுகட்டி, ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தை ஆரம்பித்துவிட்டேன். பத்து நாளில் காது வீங்கி, லட்டு என்னைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். ஸ்டெல்லா அக்கா ஒன்றும் கேட்காமல் காதிலிருந்து அழுக்கைப் பஞ்சில் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். பாக்டீரியா ஒன்றுகூட இல்லை. நிலக்கடலை வடிவத்தில் கூட்டம் கூட்டமாகப் பூஞ்சை. நான் பத்து நாளாக ஊற்றிய மருந்து அதைத் தொடக்கூட இல்லை. மருந்தை மாற்றினேன். ஒரு வாரத்தில் சரியானது. அன்றைக்கு ஸ்டெல்லா அக்கா தகட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"வேற யாரு நாயா இருந்தாலும் முதல் நாளே ஸ்லைடு பாத்திருப்பீங்க டாக்டர். பாவம், இது டாக்டர் வீட்டுல வந்து பிறந்துட்டு."

விளாத்திகுளத்திலிருந்து வந்தவர்

குருசாமி விளாத்திகுளம் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிறவர். கிடைக்குக் காவலாக இரண்டு நாட்டு நாய்கள். மூத்ததை ஒரு லோடு ஆட்டோவில் சாக்கு விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. மூக்கிலிருந்து ரத்தம். காதுக்குள் உண்ணி. உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சல். ரத்த அணுக்களுக்குள் புகுந்துகொள்ளும் ஒரு வகை பாக்டீரியா. முதல் வாரத்தில் வந்திருந்தால் சாதாரண மாத்திரையிலேயே எழுப்பிவிடலாம். இது மூன்று வாரமாகச் சோர்ந்து கிடந்திருக்கிறது. வெயிலுக்குத்தான் என்று நினைத்திருக்கிறார். மருந்து ஆரம்பித்தோம், வேறொரு நாயிடமிருந்து ரத்தம் எடுத்து ஏற்றினோம், செய்ய முடிந்ததையெல்லாம் செய்தோம். மூன்றாம் நாள் மத்தியானம், அவர் கையில் தலை வைத்தபடியே இறந்துபோனது. அவர் அழவில்லை. காதிலிருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்து, சுத்தமாக்கி, அதே சாக்கில் சுற்றிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். இந்தத் தடவை இளையது. நடந்துதான் வந்தது, கொஞ்சம் காய்ச்சல், சாப்பாட்டில் மந்தம், அவ்வளவுதான். ரத்தம் சோதித்தால் அதே கிருமி. இருபத்தெட்டு நாள் மாத்திரை, வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடாது, கொடுத்ததும் தண்ணீர் காட்ட வேண்டும், கிடையில் உண்ணிக்கு மருந்தடிக்க வேண்டும் என்று சொன்னேன். நாலாம் நாளே துள்ளிக் குதிக்கும், அப்போது நிறுத்திவிடாதீர்கள் என்று வழக்கமான பல்லவியை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்:

"எனக்குச் சொல்ல வேண்டாம் தாயி. ஒண்ணைக் குழியில வச்சுட்டு வந்திருக்கேன். இருபத்தெட்டுன்னா இருபத்தெட்டு."

ஜெசிந்தாவின் பதினாலு நாள்

லூர்து கடலில் சங்கு குளிக்கிறவர். ஜானி அவருடைய நாய். கரையில் கிடந்த நைலான் வலையில் முன்னங்கால் சிக்கி, இழுத்த இழுப்பில் எலும்பு தெரிகிற அளவுக்கு அறுத்திருந்தது. ஒரு மாதத்தில் மூன்று பேரிடம் காட்டி, ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு ஊசி, வெவ்வேறு மருந்து. எதுவும் முழுதாக முடியவில்லை. என்னிடம் வரும்போது கால் இரண்டு மடங்கு வீங்கி, பச்சையாகச் சீழ் வடிந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால், கிருமி எலும்புக்கு இன்னும் இறங்கவில்லை. சீழை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அறிக்கை வந்தது. எந்த மருந்துக்குக் கிருமி சாகும், எதற்குச் சாகாது என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். மேலிருந்து கீழே சாகாது, சாகாது, சாகாது. கடைசிக்கு முந்திய வரியில் ஒன்றே ஒன்றுக்குக் கட்டுப்பட்டது.

அது ஊசி மருந்து. தினமும் ஒரே நேரத்தில், பதினாலு நாள். சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யக்கூடியது என்பதால் நாய் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், நாலு நாளைக்கு ஒரு தடவை சோதனைக்கு வர வேண்டும். தவறினால் காலை எடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் ரத்தத்தில் பரவினால் உயிரே போகும். அவர்கள் ஊரிலிருந்து தினம் என்னிடம் வருவது நடக்காத காரியம். லூர்து விடிவதற்கு முன்பே படகேறிவிடுவார். "அப்ப காலை எடுத்துருங்க டாக்டரம்மா, வேற வழியில்ல" என்று தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் அவர் மனைவி ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தார். "சொல்லிக் குடுங்க. நான் போடுதேன்" என்றார். லூர்து திரும்பிப் பார்த்தார். "உனக்கும் அதுக்கும் ஆகவே ஆகாதேளா!" "ஆகாதுதான். அதுக்காகக் கால் இல்லாம நிக்கவா விட முடியும்?" என்றார் ஜெசிந்தா.

ஸ்டெல்லா அக்கா அவரை உள்ளே கூட்டிப்போய்ப் பழக்கினார். எங்கள் படிப்பில் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினோம். ஜெசிந்தா மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பாறை மீனைக் கொண்டுவந்து, தோலுக்கும் சதைக்கும் நடுவே தண்ணீரை ஏற்றி ஏற்றி, ஊசி பிசகாமல் இறங்கும் வரை பழகினார். முதல் ஊசி எங்கள் கண் முன்னால். இரண்டாவது, அவர் வீட்டில், நான் போனில் சொல்லச் சொல்ல. ஜானி உறுமும் சத்தம் எனக்கே கேட்டது. "மாதாவே... ஏலே அசையாத... மாதாவே..." என்று ஜெசிந்தாவின் குரல். கடைசியில், "போட்டுட்டேன்" என்றார்.

ஆறாம் நாள் காலையில் போன். ஜானி வாந்தி எடுக்கிறது, நேற்றிலிருந்து தண்ணீர் தொடவில்லை. ஜெசிந்தாதான் பேசினார். "நான் போட்ட ஊசிதான் கொல்லுதோ?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைய ஊசியைப் போடாமல் உடனே கொண்டுவரச் சொன்னேன். அவர்கள் வந்து சேரும் வரை எனக்கு வேறு நோயாளியிடம் கை ஓடவில்லை. மருந்தை நிறுத்தினால் கால் போகும். நிறுத்தாவிட்டால் சிறுநீரகம் போகலாம். சிறுநீரும் ரத்தமும் சோதித்தோம். சிறுநீரகம் நன்றாக இருந்தது. எங்கோ கெட்டுப்போன மீனைத் தின்றிருக்கிறது. நாள் முழுக்க குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலம் வாந்தி நின்று தானே தண்ணீர் குடித்த பிறகு, அன்றைய ஊசியை எடுத்து ஜெசிந்தாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நானும் கையை மடக்கவில்லை. நாங்கள் போட்டால் இன்றைக்கு மட்டும்தான் ஆகும், நாளைக்கு யார் போடுவார்கள்? முகத்தைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் போட்டார்.

பத்தாம் நாள் சீழ் நின்றது. புண்ணின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் புதுச்சதை. பதினாலாம் நாள் ஜெசிந்தா, தீர்ந்த ஊசிகளையெல்லாம் ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து ஸ்டெல்லா அக்காவிடம் எண்ணிக் காட்டினார். ஒன்றுகூடக் குறையவில்லை. கட்டு மாற்ற இன்னும் மூன்று வாரம் வந்தார்கள். ஜானி இப்போது நாலு காலிலும் ஓடுகிறது. ஒரு கால் மட்டும் லேசாகச் சாய்கிறது. கடைசியாகக் கட்டைப் பிரித்த அன்று, "உங்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டதா?" என்று கேட்டேன். ஜெசிந்தா நாயை முறைத்தார்:

"நேத்துகூட காயப்போட்டிருந்த கருவாட்டைத் திருடித் தின்னுட்டு. அதுக்கும் ஏதாச்சும் ஊசி இருந்தா குடுங்க டாக்டரம்மா, பதினாலு நாள் என்ன, நாப்பது நாளும் போடுதேன்."

வாசல் பலகையில் நாய் மருத்துவமனை என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் நாய்கள் மருந்தை வாங்கிக்கொண்டு குணமாகிப் போய்விட, கயிற்றின் மறுமுனையைப் பிடித்து வருகிறவர்களுக்குத்தான் நானும் ஸ்டெல்லா அக்காவும் இன்னும் வைத்தியம் பார்த்து முடிக்கவில்லை.